பேனர்ல என் படம்

நெமிலிச்சேரி ஸ்டேஷன் ரோடு முனையில கட்டியிருந்த அந்த பேனர்ல என் மூஞ்சியும் இருந்துச்சு. வலது பக்கம், வரிசையா நின்ன மாமன் மச்சானுங்க படத்துக்கு மேல, ஒரு ரவுண்டுக்குள்ள. கீழ 'சிறப்பு அழைப்பாளர்'னு போட்டிருந்தாங்க. வாட்ஸப்ல நான் வெச்சிருந்த போட்டோவ எடுத்துப் போட்டிருக்காங்க. உண்மையச் சொல்லணும்னா, ட்ரெயின விட்டு எறங்கி வந்து அண்ணாந்து பாத்தப்ப மொதல்ல என் மூஞ்சியத்தான் பாத்தேன். பரவால்ல, நல்லாத்தான் விழுந்திருக்குன்னு நெனச்சேன். அதுக்கப்புறந்தான் நடுவுல ஆளுயரத்துக்கு நின்ன அந்தப் பொண்ணு கண்ணுல பட்டா. பட்டுப்புடவை, நெத்திச்சுட்டி, பின்னாடி அருவி, மயில் எல்லாம். மேல கொட்ட எழுத்துல 'மஞ்சள் நீராட்டு விழா'.

மொதல்ல என்னைப் பாத்தேனே, அத நெனச்சா இன்னிக்கும் என்மேலயே ஆத்திரமா வருது. பேனர் வந்த கதைய அப்புறம் சொல்றேன். என்னைப் பத்தி சொன்னாத்தான் அது புரியும்.

எனக்கு வாய் நீளம். அம்பத்தூர் எஸ்டேட்ல வண்டிக்கு ரப்பர் சாமான் பண்ற கம்பெனில செக்கிங்ல இருக்கேன். எங்க செக்‌ஷன்ல பாதிக்கு மேல பொம்பளைங்க. ஆனா லேடீஸ் டாய்லெட்ல ஒரு குப்பைத்தொட்டி வைக்கச் சொல்லிக் கேக்க ஒருத்திக்கும் நாக்கு பொரளல. நான்தான் நேரா சூப்பர்வைசர்கிட்ட போயி, "சார், மாசாமாசம் வர்றத நாங்க எங்க போடுறது, உங்க டேபிள் மேலயா?"ன்னு கேட்டேன். அந்த மனுஷன் காது வரைக்கும் செவந்துட்டாரு. அடுத்த வாரமே மூடி போட்ட தொட்டி வந்துச்சு. அன்னிலேர்ந்து கம்பெனில நான் ஒரு பெரிய ஆளு. எவளுக்கு என்ன கஷ்டம்னாலும் 'அக்காகிட்ட சொல்லு, அக்கா கேக்கும்'னு ஆயிடுச்சு. சும்மா இருப்பேனா, எனக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறிடுச்சு.

அப்புறம் ஒரு டிரஸ்ட்டுக்காரங்க வந்தாங்க. கவர்மென்ட் ஸ்கூல்ல படிக்கிற பொண்ணுங்களுக்கு பேட் நாங்க குடுக்கறோம், பேசுறதுக்கு உங்கள மாதிரி ஆளு வேணும்னாங்க. டாக்டரம்மாவ கூட்டிட்டுப் போனா பிள்ளைங்க வாயத் தெறக்க மாட்டேங்குதாம். அப்படித்தான் எங்க கம்பெனிலேர்ந்து நாங்க நாலு பேரு, மாசத்துல ஒரு சனிக்கிழமை, அயனம்பாக்கத்துல இருக்கற என் வீட்லேர்ந்து அட்டைப்பெட்டியெல்லாம் ஆட்டோல ஏத்தி அம்பத்தூர் ஸ்டேஷன் வந்து, நெமிலிச்சேரிக்கு ட்ரெயின் பிடிச்சுப் போக ஆரம்பிச்சோம். நாலு பேர்னு பேரு, பேசுறது பூரா நான்தான். மத்த மூணு பேரும் பெட்டி தூக்குவாங்க.

மொத தடவ போனப்ப டீச்சரம்மா கிளாஸ் ஜன்னலையெல்லாம் சாத்திட்டாங்க. வெளிய பசங்க வெளையாடுறாங்களாம், காதுல விழுமாம். நான் போயி ஒவ்வொண்ணா தெறந்து விட்டேன். விழட்டும் டீச்சர், அவனுங்களும் ஒரு அம்மா வயித்துலேர்ந்துதான வந்தானுங்கன்னு சொன்னேன். பிள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சதுங்க. அதுங்கள எழுப்பி நிக்க வெச்சு, மாதவிடாய்ங்கற வார்த்தைய சத்தமா சொல்ல வெச்சேன். மொதல்ல மொணகுனதுங்க, அப்புறம் கத்துச்சுங்க. துணி வெச்சா நல்லா அலசி வெயில்ல காயப் போடணும், கதவு சந்துலயும் பாவாடைக்கு அடியிலயும் போட்டா புண்ணு வரும்னு சொல்லிக் குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் முடிக்கறப்ப ஒண்ணு சொல்வேன். "இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. எதுவா இருந்தாலும் அக்காகிட்ட சொல்லுங்க." பிள்ளைங்க கை தட்டும். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

மழைக்காலம் ஆரம்பிக்கற நேரம் ஒரு சனிக்கிழமை, பேசி முடிச்சுட்டு காலிப்பெட்டிய மடக்கிட்டு இருந்தேன். எட்டாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி வந்து அவளாவே பெட்டி மடக்க ஆரம்பிச்சா. கடைசி பெஞ்சுல உக்காந்து, சொல்றதெல்லாம் கேட்டுட்டு, மாதவிடாய்னு கத்தச் சொன்னா மட்டும் வாயசைக்கிற பொண்ணு. ஒல்லியா இருப்பா. தரைய பாத்துக்கிட்டே, "துணிய வெயில்ல காயப்போடாம விட்டா வர்ற புண்ணு தானா போயிடுமாக்கா?"ன்னு கேட்டா.

எனக்கு சுருக்குன்னுச்சு. ஓரமா கூட்டிட்டுப் போயி கேட்டேன். முழுப்பரீட்சை லீவுலயே வயசுக்கு வந்துட்டாளாம். வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. பழைய சுடிதார் துணிய கிழிச்சு வெச்சு, அலசி, பாத்ரூம் கூரை சீட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கற சந்துல சொருகி வெக்கிறா. மழையில அது காயறதே இல்ல. ஈரத்தையே எடுத்து வெச்சுக்கிறா. தொடையெல்லாம் வெந்து போயி நடக்கவே எரியுதுன்னா. அத சொல்றப்ப அழல. பரீட்சைல எவ்ளோ மார்க்குன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னா.

கோவம் வந்துடுச்சு எனக்கு. பெத்தவகிட்ட சொல்லாம இப்படியாடி ஒடம்ப கெடுத்துக்குவன்னு திட்டினேன். அப்பத்தான் விஷயத்தச் சொன்னா. அவ பெரியப்பா பொண்ணு போன வருஷம் வயசுக்கு வந்தா. சொந்தக்காரங்க ஸ்டேஷன் ரோட்டுல பெருசா பேனர் வெச்சாங்க. ஸ்கூல் பசங்க அத போன்ல புடிச்சு ஸ்டேட்டஸ் போட்டானுங்க. அன்னிலேர்ந்து அந்தப் பொண்ணுக்கு ஸ்கூல்ல பேரே 'பேனரு'தான். பேனரு வருது பாரு, பேனரு போவுது பாருன்னு. அந்தப் பொண்ணு நேர் ரோட்ட விட்டுட்டு தண்டவாளத்து ஓரமா சுத்திக்கிட்டுப் போகும், அப்புறம் ஸ்கூலையே நிறுத்திடுச்சு. வீட்ல கேட்டா படிப்பு ஏறலன்னு சொல்லிட்டாங்களாம்.

"ரோட்டுல போறவன் வர்றவனுக்கெல்லாம் எனக்கு இது வந்துடுச்சுன்னு எதுக்குக்கா தெரியணும்?"

ஜன்னலத் தெறந்து வெச்சு கத்தச் சொன்னவ நான். பேட் பாக்கெட்ட எடுத்து அவ பைக்குள்ள திணிச்சேன். மருந்துக்கடைல ஒரு ஆயின்மென்ட் வாங்கிக் குடுத்தேன். அவ போகல. எங்கம்மா உங்க கம்பெனிலதாங்கா பெருக்குது, உங்கள பத்தி சொல்லும், நீங்க அதுகிட்ட சொல்லிடக் கூடாதுன்னா. சொல்ல மாட்டேன்டின்னேன். அவ நம்பல. உள்ளங்கைய விரிச்சு நீட்டினா.

"கையில அடிச்சு சொல்லுங்கக்கா."

அடிச்சேன். சத்தியமா சொல்ல மாட்டேன்னு அவ கையில என் கைய வெச்சு அடிச்சேன். எலும்பா இருந்துச்சு அந்தக் கை, சில்லுன்னு இருந்துச்சு.

அவ அம்மாவ எனக்கு நல்லாத் தெரியும். கான்ட்ராக்ட்ல ஹவுஸ்கீப்பிங் வேல. பட்டாபிராம் பக்கத்துல இருக்கற நெமிலிச்சேரிலேர்ந்து பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு வந்து எறங்கி, எங்களுக்கெல்லாம் முன்னாடி வந்து பெருக்க ஆரம்பிச்சிடும். நல்ல மனுஷி. யாரு மேலயும் ஒரு குத்தம் சொல்லாது. நான் சண்ட போட்டு வாங்கின குப்பைத்தொட்டிய தெனம் கழுவி வெக்கிறதே அதுதான். அடுத்தடுத்த நாள் அத பாக்கறப்பெல்லாம் எனக்கு வாயில சுண்ணாம்பு பட்ட மாதிரி இருந்துச்சு. என்னமோ திருடிட்டவ மாதிரி தலைய குனிஞ்சுக்கிட்டு போனேன். என் வாழ்க்கையில எனக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்த வெச்சுக்கிட்டு வாய மூடிட்டு இருந்தது அந்த ஒரு வாரந்தான்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் கேன்டீன் பின்னாடி வேப்பமரத்தடியில அந்தம்மா தனியா உக்காந்து கண்ணத் தொடச்சுக்கிட்டு இருந்துச்சு. சாப்பாட்டு டப்பா தெறக்கவே இல்ல. என்னக்கான்னு கேட்டேன். பொண்ணுக்கு வயசு ஆயிடுச்சு, கூட படிக்கிற பொண்ணுங்கல்லாம் பெரிய மனுஷி ஆயிட்டாங்க, இவ மட்டும் இன்னும் ஆவல, தெருவுல ஒருத்தி, கர்ப்பப்பையே இல்லாம பொறந்திருக்கும், சில பொண்ணுங்க அப்படிப் பொறக்கும்னு சொல்லிட்டாளாம். வேற்காட்டு அம்மனுக்கு கூழ் ஊத்தறதா வேண்டிக்கினு கீறேங்கா, இருந்தாலும் மனசு கேக்கல, திங்கக்கெழம ஸ்கேன் பாக்க இட்டுகினு போறேன்னு சொல்லி மறுபடியும் அழுதுச்சு.

நான் என்ன பண்ணியிருக்கணும்னு இப்ப எனக்கு நல்லாத் தெரியும். திங்கக்கெழமைக்கு இன்னும் நாள் இருந்துச்சு. சாயங்காலமே ட்ரெயின் ஏறிப் போயி அந்தப் பொண்ணப் பாத்து, இந்த மாதிரி உங்கம்மா அழுவுதுடி, சொல்லிடலாமா, நீ சொல்றியா, நான் கூட நிக்கவான்னு கேட்டிருக்கணும். அம்பத்தூருக்கும் நெமிலிச்சேரிக்கும் என்ன கடல் தாண்டியா போகணும். ஆனா கேக்கல. அந்தம்மா அழுறதப் பாத்து மனசு தாங்கலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன். அது பொய் இல்ல. ஆனா அது பாதிதான். மீதி என்னன்னா, அவ்ளோ பெரிய சந்தோஷத்த ஒருத்தர்கிட்ட சொல்ற வாய் என் வாயா இருக்கணும்னு எனக்கு ஆசை. நாக்கு நமநமன்னுச்சு. சொல்லிட்டேன்.

"ஸ்கேனெல்லாம் வேணாங்கா. உன் பொண்ணு லீவுலயே வயசுக்கு வந்துட்டா."

அந்தம்மா மொதல்ல என்னைப் பாத்துச்சு. அப்புறம் என் ரெண்டு கையையும் புடிச்சு கண்ணுல ஒத்திக்கிச்சு. பெத்தவகிட்ட சொல்லலியே பாவின்னு அழுதுச்சு, அழுதுகினே சிரிச்சுது. ஓடிப் போயி கேன்டீன்லேர்ந்து சக்கரை வாங்கிட்டு வந்து அங்க இருந்த எல்லார் வாயிலயும் போட்டுச்சு, என் வாயில ரெண்டு தடவ. அவளத் திட்டாத, அடிக்காத, பேட் வாங்கிக் குடு, தீட்டு கீட்டுன்னு மூலையில உக்கார வெக்காதன்னு நான் வரிசையா சொன்னேன். எல்லாத்துக்கும் தலையாட்டுச்சு. பேனர் மட்டும் வெக்காதன்னு சொல்ல மறந்துட்டேன்னு அப்புறம் நானே என்னை ஏமாத்திக்கிட்டேன். மறக்கல. ஞாபகம் வந்துச்சு. அந்த சந்தோஷத்துல போயி இத சொன்னா அந்தம்மா மூஞ்சி சுருங்கிடுமே, எனக்குக் கெடைச்ச நல்ல பேரு போயிடுமேன்னு சக்கரைய முழுங்கிட்டு சும்மா இருந்துட்டேன்.

கொஞ்ச நாள்ல அந்தப் பொண்ணோட தாய்மாமன் எங்க கம்பெனி கேட்டுக்கே வந்துட்டாரு. பட்டாபிராம்–ஆவடி ஷேர் ஆட்டோ ஓட்றவரு. வெள்ளச்சட்ட, நெத்தியில பெரிய குங்குமம், கையில வெத்தல பாக்கு தட்டு. எங்க ஊட்டுப் பொண்ணு சேதிய மொதல்ல சொன்னது நீங்கதான், நீங்கதான் மொத ஆளா வரணும்னு தட்ட நீட்டினாரு. செக்யூரிட்டியெல்லாம் பாத்துட்டு இருந்தாங்க. நான் பூரிச்சுப் போயி வாங்கிக்கிட்டேன். பொண்ணு எப்படி இருக்கான்னு கேட்டேன். அதுக்கென்ன, சோக்கா கீதுன்னாரு.

ஃபங்ஷனுக்கு மொத நாள் சனிக்கிழமை, எங்க ஸ்கூல் முறை. அன்னிக்குத்தான் ட்ரெயின விட்டு எறங்கி அந்த பேனரப் பாத்தேன். பக்கத்து டீக்கடையில ஸ்கூல் பசங்க ரெண்டு மூணு பேரு நின்னு போன்ல படம் புடிச்சுட்டு இருந்தானுங்க. ஒருத்தன் என்னைப் பாத்துட்டு பேனரப் பாத்தான். அக்கா நீங்கதானன்னு கேட்டான். பெட்டியெல்லாம் மத்த மூணு பேர்கிட்ட விட்டுட்டு, நீங்க போங்கடி நான் வரேன்னு சொல்லிட்டு நேரா அவ வீட்டுக்குப் போனேன்.

வாசல்ல மாமன் சீரியல் லைட்டு கட்டிட்டு இருந்தாரு. போன வேகத்துல கத்திட்டேன். யாரக் கேட்டு பேனர் வெச்சீங்க, மொதல்ல அத கழட்டுங்க, அந்தப் பொண்ணுக்குப் புடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னு. தெருவே திரும்பிப் பாத்துச்சு. அவரு ஸ்டூல விட்டு எறங்கி நின்னாரு. கோவப்படல. அதான் எனக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு.

"இன்னாக்கா நீங்களே இப்டி பேசறீங்க? இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லன்னு நீங்கதான ஸ்கூலுக்கு ஸ்கூல் போயி சொல்றீங்க? எங்க தாத்தன் காலத்துல அந்த ரோட்டு வழியா எங்க தெரு ஆளுங்க சீர்தட்டு தூக்கிகினு மேளம் அடிச்சுகினு போவ முடியாது. வயக்காட்டுல சுத்திகினு போவணும். இன்னிக்கு அதே ரோட்டு முனையில எங்க அக்கா பொண்ணு மூஞ்சிய வெக்கிறேன். அத கழட்ட சொல்றீங்களே."

இவ்ளோ நாள் எத்தனையோ பேர என் வாயால மடக்கியிருக்கேன், இந்த மனுஷன் என் வார்த்தையையே எடுத்து என் முன்னாடி வெச்சுட்டாரு. அவரு சொன்னதுல தப்பு சொல்ல எனக்கு என்ன அருகதை இருக்கு. நானும் அந்த மாதிரி ஒரு தெருவுலேர்ந்து வந்தவதான், எனக்கு அந்த சுத்து வழி தெரியாதா. மனுஷன் மானத்த மீட்டுட்டேன்னு நெனச்சு மனசார கட்டின பேனர் அது. ஆனா அவரு நேர் ரோட்ட பிடிச்சாரு, அந்தப் பிள்ள இனிமே தண்டவாளத்து ஓரமா சுத்திப் போகப் போவுது. இத அவருக்கு எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களான்னு மட்டும் கேட்டேன். சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னாக்கா தெரியும்னாரு. அத கேட்டு நான் பொங்கியிருக்கணும். முடியல. நானும் அவகிட்ட கேக்கலியே.

அந்தம்மா உள்ளேர்ந்து காப்பி எடுத்துட்டு வந்து, உங்க போட்டோ எவ்ளோ லட்சணமா வந்துருக்கு பாத்தீங்களான்னு கேட்டுச்சு. ஜன்னல் வழியா உள்ள பாத்தேன். ஒரு மூலையில தென்ன ஓல மறைப்பு கட்டி அந்தப் பொண்ண உக்கார வெச்சிருந்தாங்க. முதுகு மட்டும் தெரிஞ்சுது. நான் பேசினது பூரா அவ காதுல விழுந்திருக்கும். திரும்பவே இல்ல. பஞ்சாயத்து ஆபீஸுக்கு போன் போட்டு, ரோட்டுல பர்மிஷன் இல்லாம பேனர் வெச்சிருக்காங்கன்னு சொல்லலாமான்னு கூட திரும்பி வர்றப்ப யோசிச்சேன். வர்றவங்க கிழிச்சுப் போடுறப்ப அந்தம்மா நின்னு பாக்குமேன்னு விட்டுட்டேன். காப்பிய மட்டும் குடிச்சுட்டு வந்தேன்.

மறுநாள் போகாம இருந்துடலாம்னு பாத்தேன். மனசு உறுத்திச்சு, போனேன். சின்ன ஹால்தான், ஆனா ஜே ஜேன்னு கூட்டம். மாமன் வீட்டு சீரு தட்டு தட்டா வந்து எறங்குச்சு. மேளம் காதப் பொளந்துச்சு. மேடைல பெரிய நாற்காலில அந்தப் பொண்ண உக்கார வெச்சு, தலைகொள்ளாத பூ வெச்சிருந்தாங்க. மைக்ல என் பேரச் சொல்லி, நலங்கு வெக்க மொதல்ல அக்கா வரணும்னு கூப்டாங்க. ஏறினேன்.

சந்தனத்த எடுத்து கன்னத்துல தடவினேன். நெத்தியில குங்குமம் வெச்சேன். அவ என்னைப் பாக்கல, நேரா என் தோளுக்கு மேல எங்கயோ பாத்துட்டு இருந்தா. அடுத்து கையில தடவணும். கைய காட்டும்மான்னேன். மடியில இருந்த ரெண்டு கையையும் இறுக்கி மூடிக்கிட்டா. குனிஞ்சு, காது கிட்ட, கண்ணு கைய விரிடான்னு கெஞ்சினேன். வெரல் நுனியெல்லாம் வெளுத்துப் போற அளவுக்கு இறுக்கிக்கிட்டா. போட்டோக்காரன், கைய காட்டும்மான்னு கத்தினான். பின்னாடி நின்ன அவ அம்மா சிரிச்சுகினே, வெக்கப்படுதுக்கான்னுச்சு. சுத்தி நின்னவங்கல்லாம் சிரிச்சாங்க. நான் மூடின கை மேலயே சந்தனத்தத் தடவிட்டு எறங்கினேன். எதுக்கு வெக்கம், யாருக்கு வெக்கம்னு அந்த மேடைல ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.

சாப்பாடு வெச்சாங்க. சாப்பிட்டேன்.

அவ ஸ்கூலுக்குத் திரும்பி வருவாளா மாட்டாளாங்கறதுதான் அதுக்கப்புறம் எனக்கு ஒரே கவலை. அவ பெரியப்பா பொண்ணு மாதிரி நின்னுட்டான்னா அந்தப் பாவம் என் தலையிலதான் விடியும். தெனம் அந்தம்மாகிட்ட கேப்பேன். போவுதுக்கா, ஆனா ஏனோ சீக்கிரமா கெளம்பி சுத்து வழில போவுது, எம்மா சொன்னாலும் கேக்க மாட்டேங்குதுன்னு சாதாரணமா சொல்லும். பேனர அவங்க ரொம்ப நாள் கழட்டவே இல்ல. காத்துல ஒரு பக்கம் கிழிஞ்சு தொங்குனப்ப கூட, அவ மூஞ்சியும் என் மூஞ்சியும் கிழியாம அப்படியே இருந்துச்சு. அப்புறம் யாரோ அவுத்துட்டுப் போயி ஆட்டோக்கு மழைக்கு மூடினாங்க.

அடுத்த முறை ஸ்கூலுக்குப் போனப்ப அவ இருந்தா. அதே கடைசி பெஞ்சு. எனக்கு போன உசுரு திரும்பி வந்துச்சு. பசங்க ஜன்னலுக்கு வெளிய போறப்ப "பேனரு"ன்னு ஒரு கொரல் குடுத்துட்டு ஓடுனானுங்க. நான் எழுந்து ஓடிப் போயி திட்டினேன். உள்ள வந்து பாத்தா அவ அசையாம உக்காந்திருந்தா, அவளுக்கு நான் திட்டினதும் ஒண்ணுதான், திட்டாததும் ஒண்ணுதான். அன்னிக்கு நான் பேசினது எனக்கே ஒட்டல. கடைசில வழக்கமா சொல்றத சொல்ல வாயெடுத்தேன். இதுல வெக்கப்படன்னு ஆரம்பிச்சு, அவ கண்ணப் பாத்துட்டு, இருமி, தண்ணி குடிச்சு, எல்லாரும் போயி பாக்கெட்ட வாங்கிக்கங்கன்னு முடிச்சேன்.

பிள்ளைங்க வரிசைல நிக்கறப்ப, ஆறாங்கிளாஸ் வாண்டு ஒண்ணு மட்டும் பெஞ்ச விட்டு எழுந்திரிக்கல. மூஞ்சி வெளிறிப் போயிருந்துச்சு. எனக்குப் புரிஞ்சு போச்சு. நான் எழுந்திரிக்கறதுக்குள்ள அவ எழுந்துட்டா. கடைசி பெஞ்சுலேர்ந்து வந்து, தன் துப்பட்டாவ எடுத்து அந்தச் சின்னப் பிள்ள இடுப்ப சுத்திக் கட்டி, ஒரு வார்த்த பேசாம பாத்ரூம் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டா. ஒருத்தரும் திரும்பிக் கூட பாக்கல. அவ்ளோ பதவிசா பண்ணா.

நான் ஒரு பேட் பாக்கெட்ட எடுத்துக்கிட்டு பின்னாடியே போனேன். உதவி பண்ணத்தான் போனேன். பாத்ரூம் கதவு பாதி சாத்தியிருந்துச்சு. உள்ள அவ கொரல் கேட்டுச்சு. பயப்படாதடி, இது நல்ல ரத்தந்தான், எல்லாருக்கும் வர்றதுதான்னா. தன் பையிலேர்ந்து பேட் எடுத்து எப்படி ஒட்டணும்னு காட்டினா. ரொம்ப நேரம் வெச்சுக்காத, மாத்திடணும்னா. துணி வெச்சா வெயில்ல போடு, எரிஞ்சாலும் மறைக்காத, மருந்து இருக்குன்னா. நான் சொல்லிக் குடுத்தது ஒண்ணு விடாம, என் வார்த்தையிலயே சொன்னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கதவத் தள்ள கைய வெச்சேன்.

அந்தச் சின்னது அழுதுகினே, ஊட்ல சொல்லலாமான்னு கேட்டுச்சு.

"அது உன் இஷ்டம். நீ எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லு. ஆனா அந்தக் கம்பெனி அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத."

நான் கதவுலேர்ந்து கைய எடுத்துட்டேன். பாக்கெட்ட வாசல்ல கீழ வெச்சுட்டு, செருப்பு சத்தம் கேக்காம திரும்பி நடந்தேன்.